கட்டியவருக்கே பாட இடமில்லை!

ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? பி.காம். படித்தவன் என்பதற்காக டெபிட், கிரெடிட் என்று ஆரம்பிக்க மாட்டேன், பயப்படாதீர்கள்.

உங்களிடம் பணம் இருக்கிறது. அப்பா விட்டுப் போனதோ, கட்டிக்கொண்டவர் கொடுத்ததோ அல்ல. நீங்களே உழைத்துச் சம்பாதித்தது. நீங்கள் தெய்வமாகக் கும்பிடுகிற ஒரு மகானின் சமாதி காவிரிக் கரையில் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று கேள்விப்படுகிறீர்கள். ஓடுகிறீர்கள். இடத்தைச் சுத்தம் செய்து, சட்டப்படி வாங்கி, கோயில் எழுப்பி, கும்பாபிஷேகமும் நடத்தி முடிக்கிறீர்கள். கொத்தனார் கூலியிலிருந்து கலசம் வரை எல்லாம் உங்கள் செலவு. அப்புறம் அந்த மகானின் நினைவு நாள் வருகிறது. ஊர் உலகத்தில் இருக்கிற வித்வான்களெல்லாம் வந்து பாடுகிறார்கள். நீங்களும் பாடலாம் என்று போகிறீர்கள். 'கும்பிட்டுக்கோங்க. பாடறதெல்லாம் கூடாது. நீங்க பொம்பளை' என்கிறார்கள்.

இப்போது சொல்லுங்கள். லாபமா, நஷ்டமா?

பெங்களூர் நாகரத்தினம்மாள் இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க ஏறத்தாழ 15 வருஷம் எடுத்துக்கொண்டார். அந்தப் பதிலைத்தான் ஒவ்வொரு வருஷமும் திருவையாற்றில் ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடும்போது நாம் டி.வி.யில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மைசூருக்குப் பக்கத்தில் நஞ்சன்கூடு. சிவன் கோயிலுக்குப் பெயர் போன ஊர். 1878 நவம்பர் 3-ம் தேதி அங்கே பிறந்தார் நாகரத்தினம். தாய் புட்டலட்சுமி தேவதாசி மரபில் வந்தவர். தந்தை சுப்பா ராவ் ஒரு வக்கீல். சட்டம் படித்தவர்தான். ஆனால் அந்தத் தாய்க்கும் குழந்தைக்கும் தன் மேல் என்ன உரிமை என்ற கேள்விக்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை. கைவிட்டுவிட்டுப் போய்விட்டார்.

புட்டலட்சுமி அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மைசூருக்குப் போனார். கிரிபட்ட திம்மய்யா என்கிற பண்டிதரிடம் பாடம் ஆரம்பமாகிறது. சமஸ்கிருதம், இசை என்று குழந்தை எதைக் கொடுத்தாலும் பிடித்துக்கொள்கிறது. சட்டென்று ஒருநாள் அந்தப் பாடமும் நின்றுபோகிறது. பண்டிதருக்கு என்ன மனஸ்தாபமோ! தாயும் மகளும் மறுபடி தெருவில். மகள் பெரிய ஆளாகி, ஊர் கொண்டாடுகிற நாள் வந்தால்தான் இந்த மண்ணை மிதிப்பது என்று அந்தத் தாய் வைராக்கியம் வைத்துக்கொண்டதாகச் சொல்வார்கள்.

பெங்களூரில் முனுசாமப்பா என்ற வித்வான் கிடைத்தார். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தியாகராஜருக்கு வாலாஜாப்பேட்டையில் ஒரு பெரிய சீடர் பரம்பரை உண்டு. முனுசாமப்பா அந்தக் கிளையில் வந்தவர். அதாவது நாகரத்தினம் கற்றுக்கொண்ட பாட்டு, தியாகராஜரிடமிருந்து கை மாறிக் கை மாறி வந்த சரக்கு. பின்னாளில் திருவையாற்றில் 'நீ யார் இங்கே பாட?' என்று கேட்டவர்களுக்கு எவ்வளவு பாத்தியதை இருந்ததோ, அவ்வளவும் அவருக்கும் இருந்தது.

பதினைந்து வயது வாக்கில் அரங்கேற்றம். மைசூர் அரண்மனையில் பாட்டு, ஆட்டம், பரிசுகள். மகள் ஜெயித்ததை முழுசாகப் பார்க்கத் தாய்க்குக் கொடுத்துவைக்கவில்லை. சின்ன வயதிலேயே நாகரத்தினம் தனியாள் ஆனார். பெங்களூரில் நீதிபதி நரஹரி ராவ் அவருடைய இசைக்கு ஆதரவாக இருந்தார். அப்புறம் சென்னைக்குக் குடிபெயர்ந்தார்.

சென்னை என்றால் இன்றைய மயிலாப்பூர், தி.நகர் இல்லை. அன்றைக்கு இசையின் தலைநகரம் ஜார்ஜ் டவுன்! வியாபாரிகள், துபாஷிகள், செட்டியார்கள், குஜராத்திகள், முதலியார்கள் என்று பணம் புழங்குகிற தெருக்கள். கல்யாணம் என்றால் கச்சேரி, நவராத்திரி என்றால் கச்சேரி, பஜனை மடம் என்றால் கச்சேரி. வீணை தனம்மாள் வாழ்ந்ததும் இந்தத் தெருக்களில்தான். அங்கே நாகரத்தினம் கடை விரித்தார். தப்பாக நினைக்காதீர்கள், மரியாதையோடுதான் இந்த வார்த்தையைச் சொல்கிறேன். தன் கலைக்கு விலை தெரிந்து, அதைக் கூச்சமில்லாமல் கேட்டு வாங்கி, வாங்கியதற்குக் கணக்கு எழுதி வைத்தவர் அவர். கச்சேரிகளுக்கென்று நாட்குறிப்பே வைத்திருந்தார். அதன்படி ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட கச்சேரிகள். கிராமபோன் கம்பெனிக்காரர்கள் இசைத்தட்டு போட மெஷினைத் தூக்கிக்கொண்டு இந்தியா முழுக்க அலைந்த காலம் அது. 'பெங்களூர் நாகரத்தினம்' தட்டுகளும் வெளிவந்தன.

சென்னையில் வருமான வரி கட்டிய முதல் பெண் கலைஞர் இவர்தான் என்று ஒரு பேச்சு உண்டு. வரி என்றதும் எனக்குள்ளே இருக்கும் பி.காம். விழித்துக்கொள்கிறான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் வருமான வரி நிரந்தரமாக வந்தது 1886-ம் வருஷச் சட்டத்தால். வருஷத்துக்கு 500 ரூபாய்க்கு மேல் வருமானம் இருந்தால் வரி. 1903-ல் அந்த வரம்பை 1,000 ரூபாய் ஆக்கினார்கள். பெரிய வருமானக்காரர்களுக்கு ரூபாய்க்கு 5 பை... இருங்கள், பைசா இல்லை, அந்தக் காலத்துப் பை. ஒரு ரூபாய்க்கு 192 பை! சதவிகிதத்தில் பார்த்தால் மூன்றுக்கும் குறைவு. இன்றைக்கு நமக்குக் கேட்கவே பொறாமையாக இருக்கிறது. ஆனால் சுவாரஸ்யம் அங்கே இல்லை. விவசாய வருமானத்துக்கு அந்தச் சட்டத்தில் வரியே கிடையாது. நிலவரி தனியாகக் கட்டினார்கள், வாஸ்தவம். ஆனால் ஏக்கர் ஏக்கராக நஞ்சை வைத்திருந்த மிராசுதார் வருமான வரி ஆபீஸ் வாசலை மிதிக்க வேண்டியதில்லை. அவர் வீட்டுக் கல்யாணத்தில் பாடிவிட்டுப் போன அம்மாள் மிதிக்க வேண்டும்!

இன்னொரு சங்கதி. அந்தக் காலத்தில் ஒரு பெண்ணிடம் கோயில் கட்டுகிற அளவுக்குச் சொந்தப் பணம் எப்படி இருக்க முடிந்தது?

கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போன இந்துப் பெண்ணுக்கு, பிறந்த வீட்டில் போட்ட நகையைத் தவிர சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அநேகமாக எதுவும் கிடையாது. கணவன் செத்தால் அவன் சொத்தை ஆயுசுக்கும் அனுபவிக்கலாம். இஷ்டப்படி விற்க முடியாது. 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. தேவதாசிக் குடும்பங்களில் கதையே வேறு. அங்கே சொத்து தாயிடமிருந்து மகளுக்குப் போகும். வாரிசு இல்லையென்றால் பெண் குழந்தையைத் தத்து எடுப்பார்கள். சென்னை உயர் நீதிமன்றமே அந்த வழக்கத்தை ஏற்றுத் தீர்ப்பு சொன்னதுண்டு. ஊர் எந்தப் பெண்களை ஒரு மாதிரியாகப் பார்த்ததோ, அவர்கள் கையில்தான் பத்திரம் இருந்தது, பேனா இருந்தது, படிப்பு இருந்தது. ஊர் கும்பிட்ட குடும்பப் பெண்ணிடம் சாவிக்கொத்து மட்டும்தான். அதுவும் மாமியார் காலத்துக்குப் பிறகு!

இதை வைத்து அந்த வாழ்க்கை சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. நாகரத்தினத்தின் தாய் நடுத்தெருவில் நின்றதைத்தான் பார்த்தோமே. பணம் எந்த வழியாக அவர் கைக்கு வந்தது என்பது தெரிந்தால்தான், அந்தப் பணத்தை அவர் செலவழித்த விதம் புரியும்.

திருவையாற்றுக்குப் போவதற்கு முன்னால் ஒரு புத்தக வம்பு.

தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் சபையில் முத்துப்பழனி என்று ஒரு புலவர். பெண். அவரும் தேவதாசி. 'ராதிகா சாந்த்வனமு' என்று தெலுங்கில் ஒரு காவியம் எழுதினார். கண்ணன் புதிதாக ஒரு பெண்ணை மணந்துகொள்கிறான். ராதைக்குக் கோபம். அவளைச் சமாதானப்படுத்துகிறான். விஷயம் அவ்வளவுதான், ஆனால் ராதையின் ஆசையை ராதையின் பக்கத்திலிருந்தே எழுதியிருந்தார் முத்துப்பழனி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இதை அச்சில் போட்டவர்கள், எழுதிய பெண் தன்னைப் பற்றிச் சொன்ன பகுதியையே வெட்டிவிட்டார்கள். ஆந்திரத்தின் பெரிய சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம், ஒரு பெண் எழுதக்கூடிய எழுத்தா இது என்று கடுமையாகத் திட்டியிருந்தார்.

நாகரத்தினம் மூலச்சுவடியைத் தேடிப் பிடித்தார். ஒப்பிட்டுப் பார்த்தார். வெட்டினதையெல்லாம் ஒட்டி, 1910-ல் வாவிள்ளா பதிப்பகம் வழியாக முழுசாகக் கொண்டுவந்தார். முன்னுரையில் வீரேசலிங்கத்துக்குப் பதிலும் சொன்னார். வெட்கம், மானம் என்பதெல்லாம் பெண்களுக்கு மட்டும்தானா, ஆண்கள் எழுதின சிருங்காரக் காவியங்களை மெச்சி வெளியிடுகிறவர்களுக்குக் கிடையாதா என்பது அதன் சாரம். ஒரு பாடகி, ஒரு பெரிய பண்டிதரைப் பார்த்து! 1910-ல்!

சும்மா விடுவார்களா? பத்திரிகைகளில் கண்டனம். ஆபாசம் என்று சர்க்காருக்குப் புகார். போலீஸ் வந்து பிரதிகளை அள்ளிக்கொண்டு போனது. புத்தகத்துக்குத் தடை. அந்தத் தடை 35 வருஷத்துக்கு மேல் இருந்தது. டி. பிரகாசம் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த 1946-47 காலத்தில்தான் அது நீங்க வழி பிறந்தது.

இந்தச் சண்டையில் நாகரத்தினம் தோற்றார் என்றுதான் அன்றைக்குத் தோன்றியிருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் உரிமை இல்லாமல் நியாயத்தை மட்டும் வைத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதை அவர் இங்கேதான் படித்தார் என்று நினைக்கிறேன். அடுத்த சண்டைக்குப் பத்திரத்தோடு போனார்.

தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6-ம் தேதி. கடைசி நேரத்தில் சந்நியாசம் வாங்கிக்கொண்டதால் தகனம் கிடையாது. காவிரிக் கரையில் சமாதி. சரபோஜி மன்னரின் அழைப்பையே வேண்டாம் என்றவர், தெருவில் உஞ்சவிருத்தி எடுத்துச் சாப்பிட்டவர் என்று நாமெல்லோரும் கேட்டிருக்கிற கதைகள். அப்பேர்ப்பட்டவருக்குச் சொத்து ஏது, சமாதியைப் பராமரிக்க ஆள் ஏது? அரை நூற்றாண்டில் இடமே மறந்துபோகிற நிலை. 1903-ல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் சகோதரர்கள் தேடிக் கண்டுபிடித்துச் செப்பனிட்டார்கள். தியாகராஜரிடமே நேரில் பாடம் கேட்ட சீடர்கள் அவர்கள். அதற்குப் பிறகு ஆராதனை விழா கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது.

விழா பெரிதானால் என்ன ஆகும்? நம் ஊர் ஆயிற்றே. கோஷ்டி சேர்ந்தது! தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதர், பஞ்சு பாகவதர் சகோதரர்களுக்குள் பிளவு. பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டு. ஒரே மகானுக்கு இரண்டு ஆராதனை, இரண்டு பந்தல், இரண்டு வசூல். கட்சி என்றதும் அரசியல் கட்சியோ என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் அவர்கள் போட்ட சண்டையைப் பார்த்து அரசியல் கட்சிகள் பாடம் படித்திருக்கலாம்.

இந்த அமளியில் சமாதி என்ன ஆனது? மறுபடியும் கவனிப்பாரில்லை. நாகரத்தினம்மாள் குருவாக மதித்த மைசூர் வித்வான் பிடாரம் கிருஷ்ணப்பா திருவையாற்றுக்குப் போனார். பார்த்து மனம் நொந்து அவருக்குக் கடிதம் எழுதினார். தியாகராஜரே நாகரத்தினத்தின் கனவில் வந்தார் என்றும் ஒரு கதை உண்டு. கனவை விட்டுவிடுவோம். கடிதம் போதும்.

அம்மாள் கிளம்பி வந்தார். சமாதி இருந்த நிலத்தின் சட்டச் சிக்கல்களை அவிழ்த்தார். சுற்றியிருந்த இடத்தையும் வாங்கினார். 1921 அக்டோபர் 27-ம் தேதி கால்கோள். சமாதிக்கு மேல் சன்னதி, தியாகராஜருக்குச் சிலை, சுற்றிலும் கட்டடம். நகைகள் ஒவ்வொன்றாகக் காசாகின. கச்சேரியில் வந்த பணம் செங்கல்லும் சுண்ணாம்பும் ஆனது. 1925 ஜனவரி 7-ம் தேதி கும்பாபிஷேகம்.

எங்கள் கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கதை கேட்டவுடன் வேறு ஒருவர் ஞாபகம் வரும். செஞ்சிப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து திருவண்ணாமலையில் இறங்கிக் கோயிலைச் சுற்றுங்கள். வடக்கு வாசலில் நிற்கிற கோபுரத்துக்கு அம்மணி அம்மன் கோபுரம் என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில், செங்கம் பக்கத்துச் சென்னசமுத்திரத்திலிருந்து வந்த ஒரு பெண் துறவி, வீடு வீடாகப் போய்க் காசு சேர்த்து, பாதியில் நின்றிருந்த அந்தக் கோபுரத்தை முடித்தார். உயரம் 171 அடி! ராஜாக்கள் பெயரில் கோபுரங்கள் நிற்கிற கோயிலில் இப்படி ஒரு பெயரும் நிற்கிறது. அந்த அம்மாள் பிறத்தியாரிடம் கேட்டு வாங்கிக் கட்டினார். நாகரத்தினம்மாள் தன் கையிலிருந்ததைக் கரைத்துக் கட்டினார். அம்மணி அம்மாளை அவர் கட்டிய கோபுரத்துக்குள் நுழையாதே என்று யாராவது சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நாகரத்தினம்மாளிடம் சொன்னார்கள்.

கட்டிக் கொடுத்ததில் இரண்டு கட்சிக்கும் ஆட்சேபணை இல்லை. வழிபாட்டுச் செலவை ஏற்றுக்கொள்வதிலும் இல்லை. ஆனால் ஆராதனை நாளில் சன்னதி முன்னால் பெண்கள் பாடுவதா? கூடவே கூடாது. எதெதிலோ சண்டை போட்டுக்கொண்ட பெரிய கட்சியும் சின்னக் கட்சியும் ஒற்றுமையாக இருந்தது இந்த ஒரு விஷயத்தில்தான்! பெண் என்பது ஒரு காரணம். தேவதாசி என்பது சொல்லாமல் சொன்ன இன்னொரு காரணம்.

வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? 'எல்லாம் அவன் பார்த்துப்பான்' என்று ஓரமாகக் கும்பிட்டுவிட்டு வந்திருப்பார். இல்லையென்றால், பூட்டு வாங்கி வந்து சன்னதியைப் பூட்டியிருப்பார். நாகரத்தினம்மாள் இரண்டையும் செய்யவில்லை. 1927-ல் மூன்றாவதாக ஒரு கட்சி ஆரம்பித்தார். பெண்கள் கட்சி!

சென்னையிலிருந்தும் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்தும் பாடுகிற, ஆடுகிற பெண்களைத் திரட்டினார். முன்பக்கம் ஆண்கள் பாடட்டும். சன்னதிக்குப் பின்பக்கம் நாங்கள் பாடுகிறோம். யோசித்துப் பாருங்கள். முன்னால் இரண்டு கட்சி, பின்னால் ஒரு கட்சி, நடுவில் தியாகராஜர். பாவம், எந்தப் பக்கம் திரும்புவார்? கும்பல் எந்தப் பக்கம் திரும்பியது என்பதுதான் விஷயம். பெண்கள் பாட்டைக் கேட்கவும் ஜனம் வந்தது. அப்புறம் மனுக்கள், வழக்கு, வாய்தா. யார் எந்த நேரத்தில் சன்னதியில் வழிபடலாம் என்று நேரம் பிரிக்கிற நிலை வந்தது. ஒவ்வொரு முறையும் அம்மாளின் துருப்புச் சீட்டு ஒன்றுதான். இடம் என்னுடையது, கட்டடம் என்னுடையது, பத்திரம் இதோ.

அதே 1927-ல் சென்னையில் இன்னொரு சண்டை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் தேவதாசி முறையை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவருகிறார். தேவதாசிகள் சங்கம் அமைத்து எதிர்க்கிறார்கள். எதிர்த்தவர்களில் நாகரத்தினம்மாளும் ஒருவர். இந்த இடத்தில் அவருடைய ரசிகர்கள் பலர் பேச்சை மாற்றிவிடுவார்கள். நான் மாற்றப் போவதில்லை. சின்னஞ்சிறு பெண்களுக்குப் பொட்டுக் கட்டி அவர்கள் வாழ்க்கையை யாரோ தீர்மானிப்பது ஒழிய வேண்டியதுதான். முத்துலட்சுமியின் தாயும் இசைவேளாளர் மரபில் வந்தவர். அவருக்கு அந்த வலி தெரியும். ஆனால் எதிர்த்த பெண்கள் கேட்டதையும் கவனியுங்கள். எங்களை விலைமாதர்களோடு சேர்த்துப் பேசாதீர்கள், எங்களுக்குப் படிப்பு கொடுங்கள், கலையைப் பிடுங்காதீர்கள் என்றார்கள். 1947-ல் சட்டம் முழுமையாக வந்தபோது அந்த முறை ஒழிந்தது. அந்தப் பெண்களின் மேடையும் அதோடு போனது. அவர்கள் பாடிய பதங்களும் ஜாவளிகளும் வேறு வீட்டுப் பெண்கள் வாயில் கௌரவம் பெற்றன. முத்துலட்சுமி சரியா, நாகரத்தினம் சரியா என்று கேட்டால், சட்டத்தில் முத்துலட்சுமி சரி. விலையைக் கொடுத்தவர்கள் யார் என்ற கணக்கில் நாகரத்தினம் சொன்னதும் சரி.

திருவையாற்றுக்குத் திரும்புவோம். சென்னை வாழ்க்கையை முடித்துக்கொண்டு அம்மாள் திருவையாற்றுக்கே வந்து குடியிருக்க ஆரம்பித்தார். ஜார்ஜ் டவுனின் பட்டும் வைரமும் போய்விட்டது. தினமும் சன்னதியில் விளக்கு, பூஜை, பாட்டு. வருஷங்கள் ஓடின. மூன்று கட்சியும் களைத்துப்போயின. 1940 வாக்கில் எஸ்.ஒய். கிருஷ்ணசாமி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, முசிறி சுப்பிரமணிய ஐயர் போன்றவர்கள் முன்னின்று பேசி, எல்லோரையும் ஒரே சபையாக்கினார்கள். இனி ஒரே ஆராதனை. ஆண்களும் பெண்களும் அதே சன்னதியில், அதே மேடையில் பாடலாம். அம்மாள் தன் பெண்கள் கட்சியைக் கலைத்துவிட்டார். ஆரம்பித்த காரியம் முடிந்துவிட்டதே! எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுகிற, இன்று நமக்குத் தெரிந்த அந்தக் காட்சி 1940-களில் உருவானது.

சமாதானம் ஆகிவிட்டது. கை குலுக்கியாகிவிட்டது. நீங்களும் நானும் என்றால் இதோடு நிம்மதியாகத் தூங்கப் போயிருப்போம். அம்மாள் வக்கீலைக் கூப்பிட்டார்.

1949-ல் அவர் எழுதிய உயில்தான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. தன் பெயரில் 'வித்யாசுந்தரி பெங்களூர் நாகரத்தினம்மாள் டிரஸ்ட்' அமைத்து, சொத்தை அதில் வைத்தார். தியாகபிரம்ம மகோத்சவ சபை அங்கே ஆராதனை நடத்திக்கொள்ளலாம். தாராளமாக. ஆனால், பக்தியும் நல்லொழுக்கமும் உள்ள பெண்கள் எந்தப் பேதமும் இல்லாமல், ஆண்களுக்குச் சமமாக அங்கே கலந்துகொள்ள உரிமை உண்டு என்று எழுதி வைத்தார். நாளைக்குச் சபைக்கு வேறு தலைவர் வருவார், வேறு செயலாளர் வருவார், அவர்களில் ஒருவருக்குப் பழைய ஞாபகம் வரலாம். அப்போது நான் இருக்க மாட்டேன், பத்திரம் இருக்கும். இதுதான் அந்த உயிலின் மனசு.

அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்தில், இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் என்று ஒரு பணக்காரச் சீமாட்டி இருந்தார். தகப்பனார் சொத்தை வைத்து உலகத்து ஓவியங்களையெல்லாம் வாங்கிக் குவித்து, 1903-ல் மியூசியம் திறந்தார். அவரும் ஓர் உயில் எழுதினார். நான் வைத்த இடத்தில் வைத்தபடி எல்லாம் இருக்க வேண்டும், ஒன்றை நகர்த்தினாலும் ஒப்பந்தம் செல்லாது என்கிற ரகம். 1990-ல் திருடர்கள் புகுந்து 13 கலைப்பொருட்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். காலிச் சட்டங்கள் அங்கேயே தொங்குகின்றன! அந்த அம்மாளுக்கு எதுவுமே மாறக் கூடாது. நம் அம்மாளுக்கோ, மாறினது மறுபடி பழையபடி ஆகிவிடக் கூடாது. இரண்டு பேருமே செத்த பிறகும் நிர்வாகம் செய்தவர்கள்தான். ஆனால் எந்த உயில் கெட்டிக்கார உயில் என்று என்னைக் கேட்டால், தயங்காமல் திருவையாற்றுப் பக்கம் கை காட்டுவேன்.

1952 மே 19-ம் தேதி நாகரத்தினம்மாள் திருவையாற்றிலேயே காலமானார். 73 வயது. முத்துப்பழனி புத்தகம் தடை நீங்கி மறுபடி அச்சேறியதும் அதே 1952-ல்தான்.

அடுத்த தடவை தஞ்சாவூர்ப் பக்கம் போனால், பெரிய கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். திருவையாறு பக்கம்தான். பஸ் நிறைய இருக்கிறது, அசோகா அல்வாவும் கிடைக்கும். காவிரிக் கரைப் பக்கம் தியாகராஜர் சமாதி எங்கே என்று கேட்டால் குழந்தை கூடக் காட்டும். கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிப் பாருங்கள். தியாகராஜருக்கு நேர் எதிரே, அவரையே பார்த்துக்கொண்டு ஓர் அம்மாள் சிலையாக உட்கார்ந்திருப்பார். அதுதான் நாகரத்தினம்மாள் சமாதி. பின்பக்கத்தில் நின்று பாடியவருக்கு முன்பக்கத்திலேயே நிரந்தரமாக இடம் போட்டுவிட்டார்கள்.